புள்ளடி எங்கே விழுகிறது?

நடுவர் அவர்களே, நான் இன்னும் வாயே திறக்காதபோதே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தபடி முன்வரிசையில் குடையோடு இருக்கிற அம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 'வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மை அதிகம் இழுப்பது மத நம்பிக்கையா, கட்சி விசுவாசமா?' எதிரணியில் ரீச்சரும் சட்டத்தரணித் தம்பியும் மதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் கட்சி விசுவாசத்தின் பக்கம். கோயில் வீதியில் மேடையைப் போட்டு, பின்னால் பூசை மணி கேட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து என்னை இந்தப் பக்கம் பேச விட்டிருக்கிறார்கள் என்றால் ஏற்பாட்டுக்குழுவுக்கு நல்ல பகிடி உணர்வு இருக்கிறது.

முப்பது வருசத்துக்குக் கிட்ட அரச உத்தியோகம் பார்த்தவன் நான். தேர்தல் வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். தபால் வாக்கை முன்கூட்டியே போட்டுவிட்டு, முதல் நாளே வாக்குப்பெட்டியோடு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டு நுளம்புக்கடியில் படுத்து, விடிய எழும்பி சனத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலத்தில் பாதை என்கிற மிதவையில் வாகனத்தை ஏற்றிக் கடந்து போயும் அந்த வேலை பார்த்திருக்கிறேன். யார் எதற்குப் புள்ளடி போட்டார்கள் என்று நான் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் சீட்டைக் கையில் வாங்கியதும் வயதானவர்கள் வாய்விட்டு என்ன கேட்பார்கள் என்பதைக் கேட்டிருக்கிறேன். "தம்பி, வீடு மேலயா கீழயா?" "மகன், மரம் எங்க கிடக்கு?" "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டன், யானை எது ராசா?" வீடு தமிழரசின் சின்னம், மரம் முஸ்லிம் காங்கிரசின் சின்னம், யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம். நாங்கள் பதில் சொல்லக்கூடாது, மறைப்பைக் காட்டி உள்ளே போங்கோ என்று மட்டும்தான் சொல்வோம். இத்தனை வருசத்தில் ஒருவராவது, ஒரே ஒருவராவது, "இதில சைவக்காரர் எது, வேதக்காரர் எது, முஸ்லிம் எது?" என்று என்னிடம் கேட்டதில்லை.

கேட்டாலும் அந்தச் சீட்டில் பதில் இல்லை. எதிரணி இதை யோசிக்கவே இல்லை. நம் பாராளுமன்றத் தேர்தல் சீட்டில் வேட்பாளரின் பெயரே கிடையாது. கட்சியின் பெயர், சுயேச்சைக் குழுவின் இலக்கம், பக்கத்தில் சின்னம், கீழே வெறும் இலக்கங்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு நாலு ஆசனம், அதோடு மூன்று கூட்டி ஒவ்வொரு கட்சியும் ஏழு பேரை நிறுத்தும், ஆகவே ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் இலக்கம். முதலில் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பிறகு விரும்பினால் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். இலக்கமே போடாமல் கட்சிக்கு மட்டும் போட்டால் அது நல்ல வாக்கு. அதாவது ஆளை விட்டுவிட்டுக் கட்சிக்குப் போடலாம், கட்சியை விட்டுவிட்டு ஆளுக்குப் போட முடியாது. 1989இலிருந்து இப்படித்தான் நாங்கள் பழகியிருக்கிறோம், பெயர் மறந்துபோகும், சின்னம் மறக்காது.

சரி, இது சட்டம் போட்ட ஏற்பாடு, மனசுக்குள் இருப்பது வேறு என்று சட்டத்தரணித் தம்பி சொல்லுவார். மனசுக்கே வருவோம்.

மதமும் கட்சியும் ஒரே பக்கம் இழுக்கும்போது எது இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறு இழுக்கிறோமே, இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் அது தேர் இழுப்பு, போட்டி இல்லை. எதிரணி இவ்வளவு நேரம் காட்டியதெல்லாம் தேர் இழுப்பு. முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் கட்சிக்குப் போட்டார், பௌத்தர் பௌத்தருக்குப் போட்டார், பாருங்கள் மதம்! பலத்தை அப்படி அளக்க முடியாது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நின்று இழுத்த இடங்களைப் பார்க்க வேண்டும், நான் அந்த இடங்களுக்கு மட்டும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

முதலாவது, தந்தை செல்வா. 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய சா.ஜே.வே. செல்வநாயகம் கிறிஸ்தவர். அவர் நின்ற காங்கேசன்துறைத் தொகுதியோ சைவம் ஊறின மண். 1952இல் அங்கே அவர் தோற்றார், வேதக்காரர் என்ற கதையும் அப்போது எடுபட்டது என்று ரீச்சர் அழகாகச் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். ரீச்சர், கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே காங்கேசன்துறையில் அதே கிறிஸ்தவர் 1956இல் வென்றார், 1960இல் இரண்டு தரம் வென்றார், 1965, 1970 இரண்டிலும் வென்றார், உடல் தளர்ந்து பேச்சே மற்றவர்களுக்கு விளங்காத நிலையில் 1975 இடைத்தேர்தலிலும் பெரிய வித்தியாசத்தில் வென்றார். இதற்கிடையில் அவர் மதம் மாறினாரா? காங்கேசன்துறைச் சனம் ஞானஸ்நானம் பெற்றதா? இரண்டும் இல்லை. சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற கோஷம் எழுந்து தனிச் சிங்களச் சட்டமாக வந்தது, தமிழரசு என்பது ஒரு கட்சியின் பெயராக இல்லாமல் ஒரு வீட்டின் பெயராக ஆனது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இது நம் ஊர்ப் பெருமை. அந்த 1952 தேர்தலில் தமிழரசுக்குக் கிடைத்ததே இரண்டு ஆசனம். ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. தலைவரை அவருடைய சொந்தத் தொகுதியே கைவிட்டபோது, கோணேசர் கோயில் இருக்கிற இந்த ஊர், கிறிஸ்தவர் தலைமை தாங்கிய கட்சியின் இராஜவரோதயத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சம்பந்தர் தேவாரம் பாடின தலம் இது, கோணமாமலை அமர்ந்தாரே என்று பாடிவிட்டுத்தான் பாட்டன்மார் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள். ஆனால் புள்ளடி விழுந்த இடம் வேறு கணக்கு.

இரண்டாவது இடத்தைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, இங்கே இருப்பவர்களில் கனபேருக்கு அது நோகிற இடம். 2010 ஜனவரி, ஜனாதிபதித் தேர்தல். யுத்தம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, மறு பக்கம் அந்த யுத்தத்தைக் களத்தில் நடத்திய இராணுவத் தளபதி. இருவரும் பௌத்தர். சைவக் கண்ணால் பார்த்தாலும் கிறிஸ்தவக் கண்ணால் பார்த்தாலும் இதில் தெரிவு செய்ய ஒன்றுமே இல்லை, வீட்டில் படுத்திருக்கலாம். படுத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சரத் பொன்சேகாவுக்கு, அன்னத்துக்குப் போடச் சொன்னது. போனவர்கள் போட்டார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாம் அன்னம். மகிந்த மேல் இருந்த கோபம்தான் காரணம் என்பீர்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். கோபம் அரசியல், மதமில்லை. அந்தக் கோபத்தை ஒரு தளபதியின் சின்னத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது கட்சியால்தான், எந்த ஐயராலும் எந்தப் பாதராலும் எந்த மௌலவியாலும் முடிந்திருக்காது. நானே தபால் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். எதற்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் பேனாவைக் கையில் எடுத்தபோது என் காதில் கேட்டது தேவாரம் இல்லை.

மூன்றாவது இடம் நம் கச்சேரிக் கணக்கு. எதிரணி சொன்னது என்ன? திருகோணமலையில் மூன்று சமூகம், 2012 குடிசன மதிப்பின்படி முஸ்லிம்கள் 40 வீதம் அளவில், தமிழர் 30 வீதம் அளவில், சிங்களவர் 27 வீதம் அளவில், ஆகவே ஆசனங்கள் கோயிலும் பள்ளியும் விகாரையும் பிரித்துக் கொடுக்கிறபடிதான் விழும். கேட்க நன்றாக இருக்கிறது. அப்படியானால் நாலு ஆசனமும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழ வேண்டுமே? 2000ஆம் ஆண்டு தேர்தலில் இந்த மாவட்டத்தில் தமிழருக்கு ஒரு ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது. 2004இல் இரண்டு கிடைத்தது, கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயாவும் துரைரத்தினசிங்கமும். நாலு வருசத்தில் திருகோணமலையில் சைவர்கள் பெருகிவிட்டார்களா? கோயில் அதே கோயில், திருவிழாவும் அதே நாள்தான். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. 2001இல் சிதறிக் கிடந்த கட்சிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. கட்சி சிதறிக் கிடந்தபோது மதம் ஒன்றாக இருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை, கட்சி சேர்ந்தபோது அதே சனத்துக்கு இரண்டு கிடைத்தது. முஸ்லிம் உறுப்பினர்களை எண்ணுங்கள், 2004இல் ஒருவர், 2015இல் இருவர், 2020இலும் இருவர், 2024இல் மறுபடி ஒருவர். சனத்தொகை இப்படி ஏறி இறங்குவதில்லை ஐயா.

அந்த 2004 ஒரு விசேஷமான வருசம், அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஜாதிக ஹெல உறுமய அந்த வருசம் பௌத்த பிக்குமாரை மட்டுமே வேட்பாளர்களாக நிறுத்தியது. காவி உடுத்தியவரே வந்து வாக்குக் கேட்கிறார், இதைவிட மதம் நேரடியாக வாக்குச்சீட்டில் இறங்க முடியாது. பத்துப் பேரில் ஏழு பேர் பௌத்தராக இருக்கிற நாடு. முடிவு? நாடு முழுவதும் 6 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, 225இல் ஒன்பது ஆசனம். ஒன்பது பெரிய எண்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் மிச்சப் பௌத்தர் எல்லாம் எங்கே போனார்கள்? காலையில் விகாரையில் பிக்குவின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு வாக்குச்சாவடியில் தகப்பன் போட்ட ஐக்கிய தேசியக் கட்சிப் பச்சைக்கோ சுதந்திரக் கட்சி நீலத்துக்கோ புள்ளடி போட்டுவிட்டு வந்தார்கள். 2010இல் அதே பிக்குமார் கட்சி மகிந்தவின் வெற்றிலைச் சின்னத்தின் கீழ் வந்து நின்றது. தர்மமும் கடைசியில் ஒரு சின்னத்திடம் வாடகைக்கு இருக்க வேண்டியதாயிற்று.

முஸ்லிம் காங்கிரஸ் என்ற பெயரிலேயே மதம் இருக்கிறதே என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அஷ்ரப் அவர்கள் தொடங்கிய மரம், கிழக்கில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வளர்ந்த மரம். 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த பிறகு என்ன நடந்தது? மரத்திலிருந்து ஒவ்வொரு கிளையாகப் பிரிந்து தேசிய காங்கிரஸ், மயில் சின்னத்து மக்கள் காங்கிரஸ் என்று ஆளுக்கொரு பக்கம். எல்லோரும் தொழுவது ஒரே கிப்லாவை நோக்கித்தான். ஜும்மாவில் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போடுமுன் மரக்காரரும் மயில்காரரும் சஜித் பிரேமதாச கட்சியின் தொலைபேசிக்காரரும் தனித்தனிக் கடையில் பிளேன்ரீ குடிக்கப் போவதைக் கிண்ணியாவில் நான் கண்ணால் பார்த்தவன். உள்ளே ஒரே சஃப்பு வரிசை, வெளியே மூன்று கடை. உள்ளே நிறுத்தியது மார்க்கம்தான், மறுக்க யாருமில்லை. வெளியே பிரித்தது எது என்று எதிரணி இதுவரை சொல்லவில்லை.

வெளிநாட்டுக் கதையைத் தொடங்கியது தம்பி, அதனால் நானும் ஒரு நிமிடம் விமானம் ஏறுகிறேன். 1960இல் கென்னடி முதல் கத்தோலிக்க அமெரிக்க ஜனாதிபதி ஆனார், கத்தோலிக்கர் அள்ளிக் கொடுத்தார்கள் என்றார். கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஜனநாயகக் கட்சிக்காரர், தேர் இழுப்பு மறுபடியும். 2004இல் ஜோன் கெரி, அவரும் கத்தோலிக்கர், அதே கட்சி. கத்தோலிக்க வாக்குகளில் அதிகம் போனது மெதடிஸ்தரான புஷ்ஷுக்கு. 2012ஐப் பாருங்கள். குடியரசுக் கட்சி மிட் றொம்னியை நிறுத்தியது. அவர் மோர்மன். வெள்ளை இவாஞ்சலிக்கரில் கனபேருக்கு மோர்மன் என்றால் கிறிஸ்தவமே இல்லை என்ற எண்ணம். இது கயிறிழுப்பு! மதம் ஒரு பக்கம், கட்சி மறு பக்கம். பத்துப் பேரில் எட்டுப் பேர் அளவில் றொம்னிக்குப் போட்டார்கள். வேதத்தில் பிழை பிடித்தவர்கள் கட்சிச் சின்னத்தில் பிழை பிடிக்கவில்லை.

சரி, இறங்கி ஊருக்கு வருவோம். நம் ஊரில் மதம் பலமில்லாத சாமான் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைத்தபோது இந்த ஊர் எப்படிப் பூட்டிக் கிடந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. 2018இல் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்தலாமா என்ற விவகாரம் வந்தபோது பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த உத்தியோகத்தர்கள் இரண்டு கிழமை முகம் பார்த்துக் கதைக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் வரைக்கும் நாடு முழுக்கப் பயம். ரீச்சர் சொல்வதுபோல அந்தப் பயத்துக்கு மதத்தின் பெயர்தான். ஆனால் பயம் வெறும் பால். கிண்ணியாத் தயிர்ச் சட்டியைப் பார்த்திருப்பீர்கள், பால் தானாகச் சட்டியில் கட்டியாகாது, யாராவது உறை ஊற்ற வேண்டும். தெற்கில் உறை ஊற்றியது கோட்டாபய ராஜபக்சவின் மொட்டுச் சின்னம். வடக்குக் கிழக்கில் கூட்டமைப்பும் முக்கிய முஸ்லிம் கட்சிகளும் அன்னம் என்றன. அபாயா விவகாரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே திருகோணமலைத் தமிழரும் முஸ்லிமும் இரண்டு வருசத்துக்குள் ஒரே அன்னத்துக்குப் போட்டு, சஜித்துக்கு இந்த மாவட்டத்தில் 70 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். சஜித்தும் பௌத்தர், கோட்டாபயவும் பௌத்தர். மதம்தான் கையைப் பிடித்து இழுத்தது என்றால் இந்த இரண்டு கையும் ஒரே சின்னத்தில் எப்படி விழுந்தன?

விருப்பு வாக்கில் மதம் வேலை செய்கிறது என்று தம்பி சொன்னது உண்மை. நான் மறைக்கவில்லை. சின்னத்துக்குப் போட்ட பிறகு கீழே இலக்கத்துக்கு வரும்போது அவரவர் அவரவர் ஆளைத்தான் தேடுகிறார்கள். ஆனால் கவனியுங்கள், எந்த ஏழு பேர் என்று முதலில் தீர்மானித்தது கட்சி. கிண்ணியாவுக்கு ஒன்று, மூதூருக்கு ஒன்று, பட்டினத்துக்கு ஒன்று, கந்தளாய்ப் பக்கத்துக்கு ஒன்று என்று கட்சிக் காரியாலயத்தில் இருந்து பங்கு பிரிப்பார்கள், மதத்தை எண்ணிப் போடுவதே அங்கேதான். சாப்பாட்டுக் கடையை ஒருவர் தெரிவு செய்துவிட்டார், உள்ளே போய் மீன் குழம்பா கோழியா என்பதில் அவர் மனம் போனபடி போகட்டுமே.

தேர்தல் சட்டத்தில் ஆன்மீகத் தீங்கு வரும் என்று பயமுறுத்தி வாக்குக் கேட்பது குற்றம், சட்டமே மதத்துக்குப் பயப்படுகிறது என்றும் தம்பி சொன்னார். கள்ளனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது தம்பி, அதற்காக ஊரில் எல்லோரும் கள்ளர் ஆகிவிடுவார்களா?

இனி அவர்களுடைய பெரிய அஸ்திரம், 2024. கட்சி விசுவாசம் என்று இவ்வளவு நேரம் கத்துகிறீர்களே, அந்த விசுவாசம் எங்கே போனது, செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சஜித்தை முதலாவதாக விட்ட மாவட்டம் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு இரண்டு ஆசனத்தைத் தூக்கிக் கொடுத்ததே, தொலைபேசிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று சுருங்கிப்போனதே? உண்மைதான். அருண் ஹேமச்சந்திர, ரொஷான் அக்மீமன இருவரும் திசைகாட்டியில் வந்தார்கள். நாலு வருசத்துக்கு முன் அந்தச் சின்னத்துக்கு இங்கே ஒன்றுமே கிடைக்கவில்லை. இதில் எனக்கும் தொண்டையில் முள் நிற்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் விசுவாசம் முறிந்தது என்று நீங்கள் சொல்வதே அது இருந்தது என்பதற்குச் சாட்சிதானே, கலியாணம் கட்டாதவன் எப்படி விவாகரத்துக் கேட்பான்? அந்த எட்டுக் கிழமையில் ஒருவரும் கோயில் மாறவில்லை, பள்ளி மாறவில்லை. வாக்கு நகர்ந்தபோது அதோடு சேர்ந்து நகர்ந்தது கட்சி ஒன்றுதான். அசையாமல் நின்ற மதத்தைப் பிடித்துக்கொண்டு இதுதான் அசைத்தது என்றால் நான் என்ன செய்வேன்?

என் வீட்டுக் கதை ஒன்று. என் சின்னம்மா வேதக்காரரைக் கலியாணம் செய்தார். பாலையூற்று லூர்து மாதா கோயிலில் கலியாணம், எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் வரவில்லை. மூன்று மாதம். முதல் பிள்ளை வயிற்றில் என்று கேள்விப்பட்டதும் அம்மம்மா மீன் குழம்பும் கொண்டு நேரே போய்விட்டார், பிறகு நத்தாருக்குக் கேக் இங்கே, பொங்கலுக்குப் பொங்கல் அங்கே. அதே வீட்டில் என் மாமா ஒருவர் ஒரு தேர்தலில் 'மற்றக் கட்சி'க்கு நோட்டீஸ் ஒட்டப் போனார். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், அவருடைய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். பன்னிரண்டு வருசம் அம்மப்பா அவரோடு கதைக்கவில்லை. செத்த வீட்டில்தான் சேர்ந்தார்கள், அதுவும் செத்தது அம்மப்பா. வேற்று மதத்துக்கு மூன்று மாதம், வேற்றுச் சின்னத்துக்குப் பன்னிரண்டு வருசம். இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு மாமா இருக்கிறார் என்று கையுயர்த்தச் சொன்னால் நடுவர் ஐயாவும் உயர்த்த வேண்டி வரும்.

2020 ஓகஸ்டில் சம்பந்தன் ஐயாவுக்கு 87 வயது. ஐயா ஊர்ப்பக்கம் வருவதே இல்லை என்று சந்தைக்குள் மீன் வெட்டுகிறவரிலிருந்து ஓட்டோக்காரர் வரைக்கும் சொன்னார்கள். மற்றச் சின்னங்களிலும் திருநீறு பூசின தமிழர் நின்றார்கள், இளமையாக, ஊரிலேயே இருக்கிற ஆட்களாக. அப்படிக் குறை சொன்ன ஓட்டோக்காரர் ஒருவரிடம் பிறகு கேட்டேன், யாருக்குப் போட்டீர் என்று இல்லை, என்ன செய்தீர் என்று. "என்ன செய்யிறது ஐயா, வீட்டுக்குத்தானே போடோணும்" என்றார். 'ஓணும்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

மணி அடித்துவிட்டது, தெரியும், ஒரு நிமிடம். 2004 ஏப்ரலில் நிலாவெளிப் பக்கம் எனக்குக் கடமை. இருபது வருசம் கடந்துவிட்டது, சொன்னால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். 1977இலிருந்து அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் பழகின சின்னம் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன், 2001இலும் கூட்டமைப்பு அதில்தான் நின்றது. அந்தக் கட்சித் தலைவர் ஆனந்தசங்கரியோடு வந்த பிணக்கில் சூரியன் கைவிட்டுப் போக, 2004இல் தமிழரசின் பழைய வீட்டைத் தூசு தட்டி எடுத்தார்கள். பத்து மணியளவில் ஒரு ஆச்சி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கோயிலில் இருந்து நேரே வந்திருக்க வேண்டும், காதில் பூ இருந்தது. சின்னி விரலில் மை பூசிச் சீட்டைக் கொடுத்தோம். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார், "சூரியன் இல்லையே தம்பி" என்றார். நான் மறைப்பைக் காட்டினேன். உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள், மயக்கம் போட்டுவிட்டாரோ என்று நான் எழும்பினேன். அப்போது வெளியே வந்தார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், தனக்குள் பேசுகிற மாதிரி, "செல்வநாயகத்தாற்ற வீடுதானே, எனக்குத் தெரியாதே அந்த வீட்ட?" என்று சொல்லிக்கொண்டு, திருநீறு வேர்வையில் கரைந்து வழிய, வெயிலுக்குள் இறங்கிப் போனார்.